ஹீமோகுளோபினில் பாதியைக் காணோம்: பைமால் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் பைமால் மென்பொருளில் மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். புரத வடிவங்களின் தரவுத்தளமான பிடிபி-யில் உள்ள 1எச்எச்ஓ என்ற பதிவு ஆக்சிஜன் பிடித்த ஹீமோகுளோபின், 2எச்எச்பி ஆக்சிஜன் இல்லாதது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் என்பது நான்கு புரதச் சங்கிலிகள், அதாவது இரண்டு ஆல்ஃபா-பீட்டா ஜோடிகள். ஆக்சிஜன் ஏறும்போது ஒரு ஜோடி மற்ற ஜோடியை ஒட்டிச் சுமார் 15 டிகிரி திரும்புகிறது. இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் நமக்குள் நடக்கும் இந்தத் திருப்பத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

2எச்எச்பி-யில் நான்கு சங்கிலிகளும் வருகின்றன. 1எச்எச்ஓ-வில் ஏ, பி இரண்டு மட்டும்தான். பாதியை வைத்துத் திருப்பத்தை எப்படிப் பார்ப்பது?

கோப்பைத் திரும்ப இறக்கினேன், அதேதான். பிறகு முழு மூலக்கூறுக்கான பிடிபி1 கோப்பை எடுத்தேன். திரையின் கீழ் மூலையில் 1/2 (இரண்டு நிலைகளில் முதலாவது) என்று காட்டுகிறது. அம்புக்குறியை அழுத்தினால் இருந்த ஜோடி மறைந்து, பக்கத்தில் இன்னொன்று முளைக்கிறது. எல்லா நிலைகளையும் சேர்த்துக் காட்டும் ஆல்_ஸ்டேட்ஸ் போட்டதும் நான்கும் ஒன்றாகத் தெரிந்தன. ஆனால் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தும் அலைன் கட்டளையைக் கொடுத்தால் முதல் ஜோடியை மட்டுமே எடுக்கிறது. இரண்டாவது ஜோடிக்கும் பெயர் ஏ, பி-யே. படிகச் சமச்சீர்ப்படி பிரதிகளை உருவாக்கும் சிம்எக்ஸ்ப் கட்டளையைப் போட்டால் படிகத்தின் அண்டை மூலக்கூறுகள் எல்லாம் வந்து குவிகின்றன.

பைமால் 2.5, விண்டோஸ் 11.

பிடிபி1 கோப்பின் இரண்டு நிலைகளையும் ஏ, பி, சி, டி என்று நான்கு தனிச் சங்கிலிகளாக்கி ஒன்றாகச் சேர்க்க என்ன கட்டளை கொடுக்க வேண்டும்?