55 டெசிபலுக்குள் இருந்தால் குவாரிச் சத்தம் தொல்லை இல்லையா?

ஜல்லிமேடு:
குவாரியை மூடச் சொல்லி மனு எழுதுகிறவர்கள் முதலில் விதியைப் படிக்கட்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. காலை 6 முதல் இரவு 10 வரை பகல் கணக்கு. தமிழ்நாட்டில் குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகையே கிடையாது. 10 மீட்டரில் கிரஷர் (கல் உடைக்கும் இயந்திரம்) 85 டெசிபல் காட்டினால், தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறைந்து 320 மீட்டரில் 55-க்கு வந்துவிடும். அதே ஊரில் வீட்டுச் சுவரை ஒட்டி டர்ஃப் மைதானம், நள்ளிரவு வரை விசிலும் கூச்சலும். அதற்கு மனு எங்கே?

தெற்குத்தெரு:
கணக்கு ஒற்றை இயந்திரத்துக்குத்தான் சரி. ஜா, கோன் என்ற இரு வகைக் கிரஷர்கள், சல்லடை, பாறையை இடித்து உடைக்கும் ராக் பிரேக்கர் எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன. ஒரே அளவில் சத்தம் போடும் நான்கு சேர்ந்தால் 6 டெசிபல் கூடும்; உங்கள் 55 அப்போதே 61. அது போக, வரம்பு சொல்வது சராசரியை. ஒரு விநாடி வெடி நாள் முழுதின் சராசரியில் கரைந்து காணாமல் போகும். தொட்டிலில் தூங்கும் குழந்தைக்குச் சராசரி தெரியுமா?

ஜல்லிமேடு:
வெடிக்குத் தனி வரம்பு இருக்கிறதே. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி சாதாரண வீடுகளுக்கு, அதிர்வு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே (விநாடிக்கு 8 அசைவுக்குக் குறைவாக) இருந்தால் நிலம் அசையும் வேகம் விநாடிக்கு 5 மி.மீ. வரை, 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. அதிர்வுமானி வைத்துப் பதிவு செய்கிறார்கள். கரிசல் மண்ணில் ஆழமில்லாமல் அஸ்திவாரம் போட்ட வீடு கோடையில் தானாகவே விரிசல் விடும். பழி மட்டும் குவாரிக்கு.

டெசிபல்மானி:
நடுவில் வருகிறேன். விரிசல் விஷயத்தில் ஜல்லிமேடு சொல்வதில் பாதி சரி. அதனால்தான் முதல் வெடிக்கு முன்பே சுவர்களைப் புகைப்படம் எடுத்து, இருக்கிற விரிசலின் அகலத்தைக் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இது இல்லாத வழக்கு பிறகு வெறும் வாய்ச்சண்டை.

ஜன்னல் அதிர்வது பெரும்பாலும் தரை வழியாக அல்ல, காற்று வழியாக. வெடியின் காற்றழுத்த அலையில் பெரும்பங்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே. சாதாரண மீட்டரில் காதின் கேட்கும் திறனை ஒட்டித் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் காட்டும் ஏ-வடிகட்டி 20 ஹெர்ட்ஸில் சுமார் 50 டெசிபலைக் கழித்துவிடும். கண்ணாடி படபடக்கும், மீட்டர் சாதுவாக நிற்கும். வடிகட்டி இல்லாத அளவீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

தெற்குத்தெரு:
அளந்தபின் குறைப்பது எப்படி?

டெசிபல்மானி:
குழிகளைச் சிறு தாமதம் விட்டு அடுத்தடுத்து வெடிப்பார்கள்; அதில் ஒரே நொடித்துளியில் வெடிக்கும் மருந்தைப் பாதியாக்கினால் தரை அதிர்வு ஏறக்குறைய 40 சதவீதம் குறையும். மொத்த மருந்தைக் குறைக்க வேண்டியதில்லை, பிரித்து வெடித்தால் போதும். குழியின் வாயை அடைப்பதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். 32 மி.மீ. குழிக்குக் குறைந்தது 80 செ.மீ. அடைப்பு வேண்டும், துளைத்த தூளைப் போட்டால் பீறிட்டு வெளியேறும், பொடிஜல்லி கடித்துக்கொள்ளும். தரைமேல் டெட்டனேட்டிங் கார்டு (வெடிமருந்து நிரப்பிய திரி) ஓடினால் அதுவே பெரிய பட்டாசு. அதிகச் சத்தமில்லாமல் வெடிப்பைக் கடத்தும் நோனெல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்கு மாறலாம். பெரிய கல்லின் மேல் மருந்தை அப்பிச் சேறு பூசி வெடிப்பது எல்லாவற்றிலும் மோசம். நேரம் நண்பகலை ஒட்டி. அதிகாலையிலும் பொழுது சாயும்போதும் தரையருகே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று என அடுக்கு அமைந்தால், மேலே போகும் ஒலி வளைந்து ஊருக்குள் இறங்கும்.

ஜல்லிமேடு:
நோனெல் செலவு யார் தலையில்? ராக் பிரேக்கர் வைத்தால் அதன் டக்டக் நாள் முழுக்க. டிப்பரின் ரிவர்ஸ் அலாரத்தை நிறுத்தச் சொல்வீர்களா? ஆள் சாவான்.

டெசிபல்மானி:
நிறுத்த வேண்டாம். 'பீப் பீப்' என்ற ஒற்றை ஸ்வரத்துக்குப் பதில் 'ஷ்ஷ்' என்று இரையும் அலாரம் கிடைக்கிறது. வண்டிக்குப் பின்னால் நிற்பவனுக்குத் திசை நன்றாகத் தெரியும், தூரத்தில் அமுங்கிவிடும். சல்லடையில் இரும்பு வலைக்குப் பதில் ரப்பர் போன்ற பாலியூரிதேன் வலை, கல் சறுக்கி இறங்கும் சரிவில் ரப்பர் பட்டை, கல் விழும் உயரத்தைக் குறைத்தல்: தேய்மானமும் குறைவதால் செலவில் ஒரு பகுதி திரும்பும். உள்ளே பஞ்சு அடிக்காத தகரக் கொட்டகை மட்டும் வேண்டாம், அதுவே மேளமாகும். ராக் பிரேக்கரைப் பள்ளத்தின் அடியில், ஊர்ப்பக்கச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். பார்வையை மறைத்தாலே சுமார் 5 டெசிபல் குறையும். ஒற்றை வரிசை மரம் மனசுக்கு நல்லது, காதுக்கு ஒன்றும் செய்யாது.

ஜல்லிமேடு:
டர்ஃப் கேள்விக்குப் பதிலே வரவில்லை.

தெற்குத்தெரு:
தப்பு என்றுதான் சொல்கிறேன். தனியார் இடத்து ஸ்பீக்கர் எல்லைக்கோட்டில் வரம்பை விட 5 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. இரவு 10-க்குப் பிறகு குடியிருப்புப் பகுதியில் அது 50. திருவிழாவுக்கு அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம், ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். ஆனால் அந்த 5 டெசிபல் கணக்கு ஸ்பீக்கருக்குத்தான்; ஆட்டக்காரர் கத்தலுக்குப் பொருந்தாது. வலை ஒலியைத் தடுக்காது. பந்து மோதும் தகரத்தை எடுத்துவிட்டு ரப்பர் பாய் கட்டச் சொல்லலாம். உரிமத்திலேயே இரவு 9:30-க்கு விளக்கு அணைய வேண்டும் என்று எழுதினால் தொல்லை பெரும்பாலும் தீரும்.

ஜல்லிமேடு:
அதே மாதிரி வெடி நேரத்தையும் எழுதிப் பலகையில் போடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். 300 மீட்டரை 500 ஆக்கு என்றால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தெற்குத்தெரு:
அடைப்பு ஒழுங்காக இருக்கும் குவாரிக்கு 300 போதும். எத்தனை குவாரியில் இருக்கிறது?