பொருள்: ‘த்ராஷிங்’ தமிழில் என்ன? நாளை மாலைக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான தரவுத்தளக் கையேட்டில் ஒரு சொல்லில் நிற்கிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வொர்க் மெம் (வரிசையாக்கம் போன்ற வேலைக்கு ஒதுக்கும் நினைவக அளவு) 4 எம்பியாக இருந்ததை யாரோ 256 ஆக்கியிருக்கிறார். இணைப்புகள் 100, இயந்திரத்தில் இருப்பதோ 16 ஜிபி நினைவகம். அந்த அளவு இணைப்புக்கு ஒன்று என்றுகூட இல்லை, ஒரே வினவலின் ஒவ்வொரு வரிசையாக்கத்துக்கும் தனித்தனி. நினைவகப் பக்கங்களை (நினைவகத்தைப் பிரித்த துண்டுகளை) வட்டில் இறக்குவதும் ஏற்றுவதுமாகவே பொழுது போகிறது, வேலை நகரவில்லை. இதைத்தான் ‘த்ராஷிங்’ என்கிறார்கள். ‘திணறல்’ என்று போட்டேன், மனம் ஒப்பவில்லை.
– நா.

> ‘திணறல்’ என்று போட்டேன்
நினைவகம் நிரம்பினாலே திணறல்தான். இது வேறு. ஆங்கிலச் சொல்லின் வேர் கதிரடித்தல். ‘மாடு கட்டிப் போரடித்தால்’ என்று பாடிய நமக்கா சொல் பஞ்சம்? ‘போரடிப்பு’.
– கு.

கு. ஐயா, ‘சர்வருக்குப் போரடிக்கிறது’ என்றால் பசங்க சிரித்தே வகுப்பு முடிந்துவிடும்.
– ச.

எங்கட பக்கம் கதிரடிக்கிறதைச் சூடடிப்பு எண்டுதான் சொல்லுறது. செயலியும் கொதிக்குதுதானே, பொருந்தாதோ?
– வ., யாழ்ப்பாணம்

அங்கேதான் இடிக்கிறது. செயலி பெரும்பாலும் வட்டுக்காகச் சும்மா காத்திருக்கும். கணினி அறிஞர் டென்னிங் 1968இலேயே எழுதியது இதைத்தான். செயலி சும்மா இருக்கிறதே என்று இயங்குதளம் இன்னும் நாலு நிரலை உள்ளே விட, நிலைமை இன்னும் கெடும். விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ, எஸ்ஓ (வட்டிலிருந்து ஏற்றும் அளவு, வட்டில் இறக்கும் அளவு) இரண்டும் ஏறியபடியே இருந்தால் இதுதான். ‘சூடு’ என்று எழுதினால் பையன் மின்விசிறியை மாற்றப் போவான்.
– ச.

தொல்காப்பியர் உரியியலில் ‘அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி’ என்கிறார். வந்த வழியே சுழன்று கொண்டிருப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ‘பக்க அலமரல்’.
– புலவர் இரா.

ஐயா, பிள்ளைகள் அலமாரி என்று படிக்கும்.
– ச.

அலமாரி போர்த்துக்கீசியம். அதைப் படிக்க வருகிறது, தொல்காப்பியம் வரவில்லையா?
– இரா.

(அலமாரி பற்றிய எட்டு மடல்களைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

ரேஷன் கடைக்கும் வீட்டுக்கும் அல்லாடினேன் என்கிறோமே. ‘அல்லாட்டம்’?
– ம.

அல்லல் + ஆட்டமா, அலை + ஆட்டமா? அலை என்றால் லகரம் ஏன் இரட்டித்தது?
– கு.

எதுவானாலும் என் பாட்டிக்குப் புரியும்.
– ம.

‘பக்க அல்லாட்டம்’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறியில் த்ராஷிங் என்று சேர்த்து அனுப்பிவிட்டேன். ஐந்து பேர் சரி என்றீர்கள், நன்றி.
– நா.

நான் அந்த ஐவரில் இல்லை. அல்லாடுவது ஆள், பக்கம் எப்படி அல்லாடும்? இரண்டாம் பதிப்பு வரும்போது சொல்லுங்கள்.
– இரா.