நைட்ரேட் 40, பொஸ்பேட் 0.3: பவளத் தொட்டியில் பாசி வளர்க்கலாமா?

பண்டாரவளைத் தொட்டி:
என்னிடம் 300 லீற்றர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. தோல் பவளங்கள், சொவாந்தஸ் என்ற பொத்தான் பவளம், இரண்டு கோமாளி மீன், பாசி தின்னும் டாங் மீன் ஒன்று. (கல் பவளம் இல்லை. நம் கடலிலிருந்து அதை உடைத்தெடுப்பது சட்டப்படி குற்றம். அந்த வழக்கை இங்கே கிளப்ப வேண்டாம்.) நைட்ரேட் 40 பிபிஎம், பொஸ்பேட் 0.3 பிபிஎம். பாறையெங்கும் முடிப்பாசி. ஸ்கிம்மர் (நுரை வடிகட்டி) ஓடுகிறது. கீழே சம்பில் (நீர் வடிந்து திரும்பும் துணைத் தொட்டியில்) ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதில் கோலர்பா என்ற கடற்பாசியைப் போட்டு மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் எல்லாம் இறங்கிவிடும் என்கிறார் கொழும்புக் கடைக்காரர். மலையில் தொட்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் மூடுபனி:
அறை சரி, விளக்கு சரி, பாசிதான் தவறு. கோலர்பா வேகமாக வளரும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டால் தன் உடற்சத்தையெல்லாம் நீரில் கொட்டிவிட்டு வெளிறிச் சாகும். மாதக்கணக்கில் உறிஞ்சியது ஓரிரவில் தொட்டிக்கே திரும்பும், ஒட்சிசனும் விழும். அதற்குப் பதில் கீட்டோமோர்ஃபா (சுருக்கமாகக் கீட்டோ) என்ற பாசியைப் போடுங்கள். சிக்கலாகிப்போன நைலோன் நூற்கண்டு போல மிதக்கும். பாறையைப் பற்றாது, கையால் அள்ளிவிடலாம்.

ஸ்கிம்மரை மட்டும் நம்பாதீர்கள். அது அழுகுவதற்கு முந்திய கழிவை நுரையாக வெளியேற்றும், அவ்வளவுதான். நைட்ரேட்டாகிக் கரைந்துவிட்டதை அது தொடாது. பாசி தொடும்.

நமக்கு இன்னொரு இலாபமும் உண்டு. குளிருக்குப் பயந்து இரவில் கதவு, யன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். வீட்டுக்குள் தேங்கும் காபனீரொட்சைட்டு தொட்டியில் கரைந்து பிஎச்சைக் கீழே இழுக்கிறது. தொட்டி விளக்கு அணைந்ததும் சம்ப் விளக்கு எரிந்தால் பாசி அந்த வாயுவை இரவெல்லாம் உண்ணும். கொழும்பில் விளக்கின் சூடு தொல்லை. இங்கே அது ஹீட்டருக்குக் கொஞ்சம் ஓய்வு.

பதுளை வாத்தியார்:
தம்பி, கோலர்பா வேண்டாம் என்றதோடு நிறுத்தியிருக்கலாம். 1984 இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே சிறு திட்டாகத் தென்பட்ட கோலர்பா டாக்சிபோலியா மத்தியதரைக் கடலில் எவ்வளவு தூரம் பரவியது என்பதை அறிந்தவர் அதை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டார். நீங்கள் சொன்ன மீதியெல்லாம் கணக்குப் பார்க்காத பேச்சு.

அட்கின்சனும் ஸ்மித்தும் 1983 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடலடித் தாவரங்களில் 550 காபன் அணுவுக்கு 30 நைதரசன், 1 பொஸ்பரஸ். மிதவை உயிர்களுக்கு ரெட்ஃபீல்ட் தந்த 106:16:1 இங்கே பொருந்தாது. பிபிஎம்முக்கு மாற்றிப் பாருங்கள்: 1 பொஸ்பேட்டோடு ஏறத்தாழ 20 நைட்ரேட் போகும். அப்படியானால் பண்டாரவளைக்காரரின் 0.3 பொஸ்பேட் தீரும்போது எவ்வளவு நைட்ரேட் குறைந்திருக்கும்? வெறும் 6! மிச்சம் 34. அதோடு உங்கள் பாசியும் பசியில் வளர்ச்சி நின்றுவிடும். நைட்ரேட் மிகுந்து பொஸ்பேட் வறண்டால் பவளத்துக்குள் வாழும் நுண்பாசி பட்டினி கிடக்கிறது, ஒளியும் வெப்பமும் கூடும்போது பவளம் எளிதில் வெளிறுகிறது என்று வீடன்மான் குழுவினர் 2013 இல் காட்டினார்கள். அந்த நிலைக்கு இவர் காசு கொடுத்துப் போக வேண்டுமா?

நீரை மாற்றுங்கள். 20 சதவீதம் வீதம் 7 தடவை மாற்றினால் 40 என்பது 8 ஆகும். பொஸ்பேட்டும் அதே விகிதத்தில் இறங்கும்.

ஹட்டன் மூடுபனி:
சேர், கரும்பலகையில் கணக்குச் சரி. தொட்டியில் பாறை இருக்கிறதே! சுண்ணாம்புப் பாறையும் மணலும் பொஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும், நீரில் குறையக் குறைய அவிழ்த்துவிடும். பொஸ்பேட்டை உறிஞ்ச இரும்பு ஒட்சைட்டுத் துகள் போட்டவர்களைக் கேளுங்கள்: இறங்கிய அளவு மறுவாரமே ஏறியிருக்கும். போதாததற்குத் தினமும் தீனி விழுகிறது. ஆகவே பாசி 0.3 ஐ மட்டும் தின்னப்போவதில்லை. ‘அதே விகிதத்தில் இறங்கும்’ என்கிறீர்களே, உங்கள் நீர்மாற்றத்துக்கும் இந்தப் பாறைதான் எதிரி.

7 தடவை என்பது 420 லீற்றர். உப்புத்தூள் விற்கும் விலையில் அதை வாங்கச் சொல்கிறீர்களா, செங்கலடி வீதியில் மட்டக்களப்புக்குப் போய்க் கான்களில் அள்ளிவரச் சொல்கிறீர்களா? வடகீழ்ப் பருவ மழையில் களப்பு நீர் கலந்து கிடக்கும்போது அள்ளினால் உப்புச் செறிவும் போதாது.

நானுஓயா அக்கா:
அட்கின்சன் வரைக்கும் போய்விட்டீர்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாக இவர் எதை ஊற்றுகிறார் என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. குளிர்ந்த வீட்டில் ஹீட்டர் போட்ட தொட்டி நிறைய ஆவியாகும். நீர் போகும், அதில் வந்த நைட்ரேட் அங்கேயே நிற்கும். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரா, பண்டாரவளைத் தம்பி? மேலே உரம் போடும் மரக்கறித் தோட்டம் இருக்கிறதா? அதை அளந்துவிட்டு வாருங்கள்.

பண்டாரவளைத் தொட்டி:
பீலித் தண்ணீர்தான், அக்கா. நாளுக்கு 3 லீற்றர் ஊற்றுகிறேன். மேலே உருளைக்கிழங்கு. அளந்தேன்: நைட்ரேட் 10 பிபிஎம்.

பதுளை வாத்தியார்:
3 லீற்றரில் 10 பிபிஎம் என்றால் 300 லீற்றருக்கு நாளுக்கு 0.1, மாதத்துக்கு 3, வருடத்துக்கு 36. உங்கள் 40 எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? கரைந்த உப்புகளையும் பிரித்தெடுக்கும் ஆர்ஓ வடிகட்டி வாங்குங்கள். ஊற்று திறந்திருக்க, வாய்க்கால் இறைக்கப் பாசி எதற்கு?

செலவையும் சொல்லிவிடுகிறேன். 50 வாட்ஸ் விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 18 அலகு. நம் கட்டண முறையில் அடுத்த படிக்குத் தூக்கிவிட அது போதும். 2022 இல் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்துவிட்டீர்களா? பம்பும் இல்லாமல் விளக்கும் இல்லாமல் கிடக்கும் பாசி மீனோடு போட்டி போட்டு ஒட்சிசனைக் குடிக்கும். அள்ளிய பாசியை டாங்குக்கே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததை மறுபடி உள்ளே போடுவதற்குப் பெயர் சுத்திகரிப்பா?

ஹட்டன் மூடுபனி:
வடிகட்டி வாங்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அது இனி வருவதைத் தடுக்கும். ஏற்கெனவே கிடக்கும் 40 ஐ என்ன செய்வது? டாங்குக்குப் போட்டால் அந்த அளவுக்குக் கடைத் தீனி குறைகிறது, புதிதாக எதுவும் சேர்வதில்லை. மீதியை நன்னீரில் அலசிக் குப்பைக் குழியில் போடுங்கள், அந்த உரம் லீக்ஸுக்கு நல்லது. விளக்குக்கும் 50 வாட்ஸ் தேவையில்லை. பொஸ்பேட் 0.05 ஐ நெருங்கினால் எரியும் நேரத்தைப் பாதியாக்கலாம். இரும்பு ஒட்சைட்டுக்கு அப்படியொரு திருகு உண்டா, சேர்?

ஞாயிறு பண்டாரவளைக்கு வருகிறேன். பஸ் நிலையத்தில் ஒரு பை கீட்டோ தருகிறேன், காசு வேண்டாம்.

பதுளை வாத்தியார்:
இலவசம் என்றால் வாங்கட்டும். வாளியில் தனியாக வைத்து, கோலர்பா இழை கலந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வாரந்தோறும் இரண்டு அளவையும் இங்கே எழுதுங்கள், பண்டாரவளை. நைட்ரேட் 30 இல் நிற்க, பொஸ்பேட் 0.03 க்குக் கீழே போகும் வாரத்தில் ஹட்டன் தம்பியிடம் பேசிக்கொள்கிறேன்.

நானுஓயா அக்கா:
ஞாயிறு நானுஓயா வழியாகத்தானே வருவீர்கள், ஹட்டன்? எனக்கும் ஒரு பை.