இங்கிலாந்துக்கு இதழியல் படிக்க வந்திருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நான் பாலக்கோடு. முதலில் விசா. மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, ஃப்ரீலான்ஸாக ஒரு கட்டுரை எழுதிக் காசு வாங்கினாலும் அது சுயதொழில்தான். படிப்பு முடித்து கிராஜுவேட் விசா வாங்கிய பிறகு அந்தத் தடை கிடையாது.

சரி, இனம், குடியேற்றம் பற்றி எழுதுவதற்கு வருவோம். சொற்களைப் பிரித்துப் பழகுங்கள். அசைலம், அதாவது இந்த நாட்டில் அடைக்கலம், கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர், அகதியாக ஏற்கப்பட்டவர், நம்மைப்போல விசாவில் வந்தவர், மூவரும் வேறு வேறு. ஒரு மனிதரையே ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று குறிப்பதை ஏபி செய்தி நிறுவனம் 2013இலேயே விட்டுவிட்டது.

2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகளைக் கொளுத்தியதை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதை ‘இரு பிரிவினர் மோதல்’ என்று எழுதினால் எரிந்தது யார் வீடு என்பதே காணாமல் போய்விடும். இங்கும் ‘பதற்றம்’ என்று எழுதக் கை போகும்போதெல்லாம் யார் யாரை அடித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அப்புறம் வதந்தி. 2024 ஜூலையில் இங்கே இங்கிலாந்தில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொன்றவன் படகில் வந்த அசைலம்காரன் என்று பரப்பினார்கள். அவன் பிரிட்டனிலேயே, கார்டிஃபில் பிறந்தவன். உண்மை வெளிவந்த பிறகும் அசைலம் கேட்டவர்கள் தங்கியிருந்த ஓட்டல்களைத் தாக்கினார்கள். எனக்கு உடனே 2023 மார்ச் ஓசூர்தான் கண்ணில் வந்தது. பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றிய வாரம். சிப்காட் பக்கம் ஒரே அறையில் இருந்த நாலு பையன்கள், பாதி அரிசி மூட்டையை அப்படியே விட்டுவிட்டுப் பையைக் கட்டி வைத்திருந்தார்கள், ஒருவனுடைய அம்மா போனில் அழுதுகொண்டே இருந்தார். வீடியோ கைக்கு வந்தால் கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி நம்பர் எந்த ஊருடையது, முதலில் போட்டது யார் என்று பார்த்துவிட்டு, போலீஸிடமும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அசைலம் கேட்டிருப்பவரிடம் பேசினால், பெயர் போடலாமா என்று பேச்சின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் கேளுங்கள். ஒருவர் எனக்குச் சம்மதம் சொல்லிவிட்டு, கிளம்பும் நேரத்தில் என் நோட்டை வாங்கித் தன் ஊர்ப் பெயரை மட்டும் அடித்துவிட்டுக் கொடுத்தார். அங்கே அவருடைய தங்கை இருக்கிறாள்.