புதுப்பிப்பு: முற்றத்தில் போட 2024 படங்களில் எது நல்லது?

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் திரை கட்டி, சொந்தக்காரருக்குக் காட்ட 2024 இல் எனக்குப் பிடித்த மூன்று படங்களில் எதை முதலில் போடலாம் என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

‘லப்பர் பந்து’ என்ற யோசனைதான் சரிவந்தது. மாமனாருக்கும் மருமகனாக வரப்போகிறவனுக்கும் ஊர்க் கிரிக்கெட்டில் மோதல். பின்னேரத்தில் மென்பந்து அடிக்கிற பெடியளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. 1989 இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ படத்தின் பாட்டு அதில் வந்ததும் மாமாமாரும் எழும்பி ஆடியதை நான் எதிர்பார்க்கவில்லை.

‘மெய்யழகன்’ நீளம் என்று பலர் எச்சரித்தீர்கள். வெளியான பிறகு ஏறத்தாழ 18 நிமிடம் குறைத்த படம் அது. அப்படியும் சின்னப் பிள்ளைகள் பாயிலேயே நித்திரை. ஆனால் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போகும் தொடக்கத்திலேயே அம்மம்மா அழத் தொடங்கிவிட்டார். வன்னியில் வீடு விட்டுப் போகாத ஆள் யார்?

‘கொட்டுக்காளி’ வெளியில் எடுபடவில்லை. பின்னணி இசையே இல்லாத படம். ஸ்பீக்கர் வயர் கழன்றுவிட்டதென்று பெரியப்பா போய்ப் பார்த்தார்! எனக்கு அந்த ஆண்டின் முதல் படம் இன்னும் அதுதான். அப்புறம், தேடி வருகிறவர்களுக்கு: அதை அறைக்குள், சத்தமில்லாத நேரத்தில் பாருங்கள்.