புதுப்பிப்பு: பகிர்வு லேபிளில் இலங்கைக்கு எந்தக் குறியீடு?
திருகோணமலைத் துறைமுகக் கோப்புகளில் பகிர்வு லேபிள் (கோப்பை எந்த நாடு திறக்கலாம் என்று சொல்லும் குறிப்பு) 'எல்கே' என்றிருந்தும் பெறும் மென்பொருள் இலங்கையை ஏன் அறியவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டது. அந்த மென்பொருள் பார்ப்பது ஃபிப்ஸ் 10-4 என்ற அமெரிக்க அரசின் பழைய நாட்டுக் குறியீட்டுப் பட்டியலை. அதில் இலங்கை 'சிஇ', அதாவது பழைய சிலோன். 2008இல் கைவிடப்பட்ட பட்டியல், பழைய தரவுத்தளங்களில் இன்னும் கிடக்கிறது.

தெரியாத குறியீட்டை மென்பொருள் நிராகரித்தால் நல்லது, பிழை உடனே தெரியும். பயப்பட வேண்டியது 'சிஎச்' போன்றவற்றுக்கு: ஃபிப்ஸில் சீனா, 'எல்கே' இருக்கும் சர்வதேசப் பட்டியலான ஐஎஸ்ஓ 3166இல் சுவிட்சர்லாந்து. எச்சரிக்கையே வராமல் கோப்பு வேறு நாட்டுக்குத் திறந்துவிடும்.

ஐஎஸ்ஓவில் இலங்கையின் மூன்றெழுத்துக் குறியீடான 'எல்கேஏ'யின் கடைசி எழுத்தை வெட்டினால் 'எல்கே' சரியாக வரும். அதை நம்பாதீர்கள். ஒஸ்ட்ரியாவின் 'ஏயுடி'யை வெட்டினால் 'ஏயு', அது அவுஸ்திரேலியா! அட்டவணை வைத்தே மாற்றுங்கள். குறியீடு ஃபிப்ஸா ஐஎஸ்ஓவா என்பதையும் லேபிளில் தனிப் புலமாக எழுதுங்கள். அட்டவணையில் இல்லாத குறியீடு வந்தால் கோப்பை அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள்.