நடுவில் நுழைந்த இரண்டு பைட்: பி.எல்.சி. தரவுக் கட்டமைப்பு அனுபவங்கள்

குடிநீர் நீரேற்று நிலையம் ஒன்றில் நான் செய்த சிறிய மாற்றத்தையும், அதனால் நேரவிருந்த பெரிய விபத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

அங்கே 12 பம்புகள், அவற்றை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியாக (பி.எல்.சி.) ஒரு சீமென்ஸ் எஸ்7-1500. எல்லாப் பம்புகளுக்கும் ஒரே வகை விவரங்கள்தான் என்பதால், யூ.டி.டி. (நாமே வகுக்கும் தரவு வகை) ஒன்றை உருவாக்கி, அதை 12 உறுப்புகள் கொண்ட அரேயாக (வரிசையாக) டேட்டா பிளாக்கில் (பி.எல்.சி.யின் தரவு நினைவகப் பகுதியில்) அமைத்திருந்தோம். ஸ்டார்ட் கட்டளை, ஓடுகிறதா, பழுதா, ஆட்டோவா என்ற பூல்கள் (ஆம்/இல்லை பிட்கள்) 0ஆம் பைட்டில். கரண்ட், வேகம் ஆகிய ரியல்கள் (4 பைட் தசம எண்கள்) 2லும் 6லும். ஓடிய மணிநேரம் 10இல். அழுத்தத்தின் செட் பாயிண்ட் (எட்ட வேண்டிய அளவு) 14இல். ஆக ஒரு பம்புக்கு 18 பைட். ஆபரேட்டர் பார்க்கும் கண்காணிப்புத் திரை மென்பொருளான ஸ்காடா பழையது. அதற்குப் பெயரைக் கொண்டு படிக்கத் தெரியாது, பைட் எண்ணைக் கொண்டுதான் படிக்கும், எழுதும். அதனால் அந்த பிளாக்குக்கு ஆப்டிமைஸ்டு அணுகலை (எது எங்கே என்பதைப் பி.எல்.சி.யே முடிவு செய்யும் முறையை) எடுத்துவிட்டிருந்தோம்.

ஒவ்வொரு பம்பும் எத்தனை முறை ஸ்டார்ட் ஆனது என்ற கணக்கும் வேண்டும் என்று பராமரிப்புப் பிரிவினர் கேட்டார்கள். கரண்டுக்கு அடுத்து வைத்தால் படிப்பதற்கு நன்றாக இருக்கும் என்று எண்ணி, யூ.டி.டி.யின் நடுவில் ஓர் இன்ட் (2 பைட் முழு எண்) சேர்த்தேன். 18 பைட் 20 ஆனது. நிலையம் நின்றிருந்த நேரம் பார்த்து டவுன்லோட் செய்து, 1ஆம் பம்பை ஓட்டிப் பார்த்தேன். ஓடியது, கரண்டும் சரியாகவே காட்டியது. முதல் பம்பில் ஸ்டார்ட், கரண்ட் ஆகியவற்றின் முகவரிகள் மாறவில்லையே! ஓடாமல் நின்ற 4ஆம் பம்புக்கு மட்டும் திரை 4.5 ஆம்பியர் காட்டியதைக் கண்டும், அளவுமானியின் பிழையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஸ்காடா இன்னும் பழைய பைட் எண்களையே படித்துக்கொண்டிருந்தது; அந்த 4.5 ஆம்பியர் அல்ல, 3ஆம் பம்பின் அழுத்த செட் பாயிண்டான 4.5 பார்.

சிறிது நேரத்தில் ஆபரேட்டர் 11ஆம் பம்புக்கு ஸ்டார்ட் கொடுத்தார். பழைய கணக்கில் அந்தப் பம்பின் தொடக்கம் 180ஆவது பைட். புதிய கணக்கில் 180 என்பது 10ஆம் பம்பின் தொடக்கம். பேனலில் 10ஆம் பம்பின் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்) சத்தத்தோடு இழுத்தது. அந்த நேரத்தில் ஃபிட்டர் ஒருவர் அதே பம்பின் கப்ளிங்கைக் கழற்றி, அதில் கை வைத்துக்கொண்டிருந்தார். வேலை தொடங்கும் முன்பே மோட்டார் அருகிலிருந்த, மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசோலேட்டரைத் திறந்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தம் பையில் வைத்திருந்ததால் மோட்டார் சுழலவில்லை. அந்தப் பூட்டுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

கட்டமைப்பு மாறியதால் டேட்டா பிளாக் தொடக்க மதிப்புகளுக்குத் திரும்பி, ஓடிய மணிநேரங்கள் யாவும் பூச்சியமாகியிருந்தன. பதிவேட்டைப் பார்த்துக் கையால் ஏற்றினோம்.

யூ.டி.டி.யின் கடைசியில் சேர்த்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று பலர் சொல்வதுண்டு. தனி உறுப்பாக இருந்தால் அது சரி. அரேயில் இருக்கும்போது கடைசியில் சேர்த்தாலும் ஓர் உறுப்பின் நீளம் கூடுகிறது, இரண்டாவது பம்பிலிருந்தே எல்லா முகவரிகளும் நகர்ந்துவிடுகின்றன. அதன் பிறகு நான் அமைக்கும் கட்டமைப்புகளில் முதல் நாளே வெற்றிடம் விட்டுவிடுகிறேன். இதே 18 பைட்டோடு 7 இன்ட்களை ஒதுக்கி, 32 பைட்டாக்கிவிட்டோம். புதிய தேவை வந்தால் ஒதுக்கியவற்றில் ஒன்றுக்குப் பெயர் மாற்றினால் போதும், அடுத்த பம்பு நகராது. மொத்தம் 384 பைட், இன்றைய பி.எல்.சி.க்கு அது ஒரு பொருட்டே அல்ல.

மறுமொழி 1

தங்கள் அனுபவத்தைப் படிக்கும்போதே நெஞ்சு படபடத்தது ஐயா. நான் வேலை செய்வது வேறொரு நிறுவனத்தின் பி.எல்.சி.யான கண்ட்ரோல்லாஜிக்ஸில். அங்கே பெயரைக் கொண்டே அணுகுவதால் முகவரி நகரும் சிக்கலை நான் சந்தித்ததில்லை, ஆனால் வரிசை எனக்கும் பாடம் கற்பித்தது. வால்வுக்கான யூ.டி.டி.யில் பூல், டின்ட் (4 பைட் முழு எண்), பூல், டின்ட் என்று மாற்றி மாற்றி வைத்திருந்தேன். டின்ட் எப்போதும் 4 பைட் எல்லையில்தான் தொடங்கும் என்பதால், ஒவ்வொரு பூலும் தனியாக 4 பைட் இடத்தைப் பிடித்து, மொத்தம் 16 பைட் ஆனது. இரண்டு பூல்களையும் சேர்த்து முதலில் வைத்தபோது 12 பைட்டில் அடங்கிவிட்டது. ஆனால் இதை ஆலை ஓடும்போது திருத்த முடியவில்லை. பயன்பாட்டில் உள்ள யூ.டி.டி.யை ஆன்லைனில் மாற்ற அந்த மென்பொருள் அனுமதிப்பதில்லை. ஆண்டுப் பராமரிப்பு நிறுத்தம் வரை காத்திருந்துதான் மாற்றினேன்.

மறுமொழி 2

என்னுடையது மாட்பஸ் (கருவிகள் தரவு பரிமாறும் ஒரு முறை) வழியாக வந்த பாய்வுமானி. 32 பிட் ரியல் ஒன்று இரண்டு 16 பிட் ரெஜிஸ்டர்களில் வரும், அவற்றில் எது முதலில் என்பது கருவிக்குக் கருவி மாறும். கட்டமைப்பில் இடமெல்லாம் சரியாக ஒதுக்கிவிட்டு, சோதனைக்கு 50.0 அனுப்பினோம், திரையில் 0.00 வந்தது. கம்பியைத்தான் முதலில் சந்தேகித்தோம். பிறகு 50.1 அனுப்பியபோது 24 இலக்க எண் ஒன்று வந்து நின்றது. 50.0இன் பதினாறடிமான வடிவம் 4248 0000. இரு பாதிகளும் இடம் மாறினால் அது பூச்சியத்தை ஒட்டிய மிகச் சிறிய எண்ணாகிவிடும். 50.1இல் பின்பாதி 6666 என்பதால், அது முன்னால் வந்ததும் எண் பூதாகரமாகியது. இரண்டு பாதிகளையும் இடம் மாற்றும் ஒரு வரியில் சரியாயிற்று. அன்றிலிருந்து சோதனைக்கு முழு எண்களை நான் அனுப்புவதில்லை. எந்தப் பாதி முதலில் என்பதையும் அந்த உறுப்பின் குறிப்பிலேயே எழுதிவிடுகிறேன்.